கழுதுருட்டி 13 கண் பாலம்: மீட்டர் பாதைக்குக் கட்டியது, அகலப்பாதையையும் சுமக்கிறது

செங்கோட்டையில் கிளம்பி கொல்லம் போகிற ரயில் பகவதிபுரம், குகை, ஆரியங்காவு என்று கடந்து மலைச்சரிவை ஒட்டி இறங்கும்போது, கேரள எல்லைக்குள் கழுதுருட்டி அருகே ஒரு கல் பாலத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து போகும். ஜன்னலோரம் இருப்பவருக்கு அது பாலம் என்பதே சரியாகப் பிடிபடாது. மரங்களின் உச்சி திடீரென்று கண்மட்டத்துக்கு வரும், கீழே ரோடு தெரியும், அவ்வளவுதான். பாலத்தை முழுசாகப் பார்க்கிற வாய்ப்பு ரோட்டில் போகிறவருக்குத்தான். புளியரை எஸ் வளைவு ஏறி, சோதனைச்சாவடி தாண்டி, திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் தென்மலைப் பக்கம் இறங்கினால் சாலையை ஒட்டியே நிற்கும். குற்றாலத்துக்கு வந்துவிட்டு அப்படியே பாலருவி, தென்மலை என்று கிளம்புகிற கூட்டத்தில் அங்கே வண்டியை ஓரங்கட்டாதவர்கள் குறைவு.

கருங்கல் கட்டுமானம். 13 கண், அதாவது 13 வளைவுத் திறப்பு. நீளம் சுமார் 102 மீட்டர். 1904-இல் இதன் மேல் ரயில் ஓடத் தொடங்கியபோது தண்டவாளங்களுக்கு இடையே 1 மீட்டர்தான். இன்று அதே பாலத்தின் மேல் 1.676 மீட்டர் அகலப்பாதை போகிறது. நடுவில் பாலத்தை இடிக்கவில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டி இதைக் காட்சிப்பொருளாகவும் விடவில்லை. பலப்படுத்தி, அதன் மேலேயே அகலத் தண்டவாளத்தைப் போட்டார்கள்.

அது எப்படி முடிந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. கட்டட வேலையில் காலம் தள்ளுகிறவன் என்பதால், “அந்தக் காலத்து வேலைன்னா வேலை” என்று பெருமூச்சு விட்டு முடித்துக்கொள்வது எனக்குப் போதவில்லை. அந்தக் காலத்தில் கட்டி, இன்று அடையாளமே இல்லாமல் போனவையும் நிறைய உண்டு. இந்தப் பாலம் நிற்பதற்குத் தனியாகக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

பாதை வந்த விதம்

திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876-இல், மணியாச்சியில் இருந்து பிரிந்த கிளையாக. அப்போது மலைக்கு அந்தப்பக்கம் திருவிதாங்கூரில் ரயிலே கிடையாது. கொல்லத்தில் இருந்து சரக்கு வர வேண்டுமானால் கடல்வழி, இல்லாவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மாட்டுவண்டி. தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை மாகாண அரசும் சேர்ந்து திருநெல்வேலி–கொல்லம் பாதையைப் போட்டன. திருவிதாங்கூரில் அப்போது மூலம் திருநாள் மகாராஜா ஆட்சி.

வேலை இரண்டு பக்கமிருந்தும் நடந்தது. திருநெல்வேலியில் இருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902-இல் திறந்தார்கள். 1903-இல் செங்கோட்டை வரை வந்துவிட்டது. அந்தப்பக்கம் கொல்லம்–புனலூர் 1904-இல் ஓடியது. மிச்சம் இருந்தது நடுவில் உள்ள மலை, செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதையும் 1904 நவம்பரில் இணைத்தார்கள். மலை இணைவதற்கு முன்பே கொல்லத்தில் ரயில் ஓடியது எப்படி என்று கேட்டால், எஞ்சினையும் பெட்டிகளையும் தூத்துக்குடியில் கழற்றி, கடல்வழியாகக் கொல்லத்துக்குக் கொண்டுபோய், மாட்டுவண்டியில் இழுத்துப் போனதாக ஒரு கதை சொல்வார்கள். பாதை திறந்த வரிசையைப் பார்த்தால் அந்தக் கதை பொருந்தித்தான் போகிறது. தரைவழி அப்போது இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைகள் மாறியபோதுதான் செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது (2019 முதல் அது தென்காசி மாவட்டம்). பாலம் கட்டும்போது கழுதுருட்டியும் செங்கோட்டையும் ஒரே ராஜாவின் ஊர்கள். இன்றைக்கு இந்தப் பாலத்தைக் “கேரளாவில் இருக்கிற பாலம்” என்று சொல்வது சரிதான். ஆனால் இது யாருக்காகப் போட்ட பாதை என்று பார்த்தால் திருநெல்வேலியை விட்டுவிட்டுக் கதை சொல்ல முடியாது.

ஏனென்றால் திருவனந்தபுரத்துக்கு ரயில் போனது 1918-இல்தான், அதுவும் கொல்லத்தில் இருந்து நீட்டித்த பாதையாக. விருதுநகர்–தென்காசிப் பாதை வந்தது 1927-இல். அதுவரை 23 வருஷம், சென்னையில் இருந்து கொல்லத்துக்கு ரயிலில் போகிறவர் திருநெல்வேலி வழியாகத்தான் போயாக வேண்டும். எர்ணாகுளம் பக்கத்தில் இருந்து கோட்டயம் வழியாகக் கொல்லத்துக்குப் பாதை முடிந்தது 1958-இல். ஆக 1904-இல் இருந்து 1958 வரை 54 வருஷம், கொல்லமும் திருவனந்தபுரமும் நாட்டின் மற்ற ரயில் பாதைகளோடு தொட்டுக்கொண்டிருந்தது இந்த மலைப்பாதை ஒன்றால்தான். இந்தப் பாலம் பழுதாகியிருந்தால் தெற்குத் திருவிதாங்கூருக்கு வெளியோடு இருந்த ரயில் தொடர்பு மொத்தமும் அறுந்திருக்கும்.

மண்மேடு போடாமல் பாலம் ஏன்?

மலைப்பாதையில் ரயிலின் முதல் எதிரி ஏற்றம். இந்தப் பாதையில் சுமார் 40 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏறும் இடங்கள் உண்டு. லாரிக்கு அது ஏற்றமே இல்லை. ரயிலுக்கு அது மலை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால்தான் முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் ஒரு எஞ்சின் தள்ளுவது இங்கே பழைய வழக்கம். ஏற்றத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்றால் பாதை மலையோடு மலையாக வளைந்துதான் இறங்க வேண்டும். வழியில் ஓடை வெட்டிய பள்ளம் குறுக்கே வந்தால் ரோடு மாதிரி உள்ளே இறங்கி ஏற முடியாது. மட்டம் மாறாமல் பள்ளத்தின் மேலேயே கடக்க வேண்டும்.

பள்ளத்தைக் கடக்க மலிவான வழி மண் நிரப்பி மேடு போடுவது. உயரம் குறைவாக இருந்தால் அதைத்தான் செய்வார்கள். ஆனால் மண்மேட்டுக்கு அடி அகலம் வேண்டும். 10 மீட்டர் உயர மேட்டுக்கு, இருபக்கச் சரிவும் சேர்த்து அடியில் 30, 40 மீட்டர் பிடித்துவிடும். இங்கே பக்கத்திலேயே ஆறு இருக்கிறது, ரோடு இருக்கிறது. அதுபோக தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அடிக்கிற மலை இது. சரிவான தரையில் கொட்டிய மண், மழையில் ஊறினால் என்ன ஆகும் என்பதை இந்தப் பக்கத்தில் ரோடு போட்ட எந்த மேஸ்திரியிடமும் கேட்கலாம். தூண் நிறுத்திக் கண் விட்டால், தரையில் கால் வைக்கும் இடம் மட்டும் போதும். வெள்ளம் கண்களுக்கு இடையே போய்விடும்.

சரி, இரும்புப் பாலம்? அந்தக் காலத்தில் இரும்புப் பாலம் கட்டத் தெரியாமல் இல்லை. இதே பள்ளத்தாக்கில் கீழே, புனலூரில் கல்லடையாற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் அதற்குப் பல வருஷம் முன்பே தொங்குபாலம் கட்டியிருந்தார். அதைச் சங்கிலியும் கல் கோபுரமும் சேர்ந்து தாங்குகின்றன, இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் ஆளும் வண்டியும் போக தொங்குபாலம் சரி. ரயில் ஏறினால் அது ஆடும். இரும்பு உத்தரம் என்றால் கப்பலில் சீமையில் இருந்து வர வேண்டும், துறைமுகத்தில் இருந்து மலை ஏற்ற வேண்டும். இரண்டு மழைக்காலமும் நனைகிற காட்டில் வருஷா வருஷம் சாயம் அடிக்க வேண்டும். கருங்கல்லோ காலடியிலேயே கிடக்கிறது. குகை வெட்ட, பாறையைக் குடைந்து பாதை போட என்று எப்படியும் கல்லை உடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கல் உடைக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் போதும்.

ஏன் சின்னச் சின்னக் கண்?

இந்தப் பாலத்தைப் புரிந்துகொள்ள திருநெல்வேலிக்காரர்களுக்கு நல்ல ஒப்பீடு ஊரிலேயே இருக்கிறது: வண்ணார்பேட்டையில் தாமிரபரணி மேல் உள்ள சுலோசன முதலியார் பாலம். 1843-இல் திறந்தது. 760 அடி நீளம், 11 கண், ஒவ்வொன்றும் 60 அடி. 11 கண்ணுக்கு 660 அடி போக, மிச்சம் 100 அடிதான் தூண்களுக்கு. ஆற்றில் கட்டும்போது அப்படித்தான் யோசிக்க வேண்டும். தூண் எவ்வளவு குறைவோ வெள்ளத்துக்கு அவ்வளவு வழி. அப்படி யோசித்துக் கட்டியும் 1869 வெள்ளத்தில் அது சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள்.

கழுதுருட்டியில் கணக்கு நேர் எதிர். 102 மீட்டரை 13-ஆல் வகுத்தால் ஒரு கண்ணுக்குத் தூணோடு சேர்த்து 8 மீட்டர்கூட வரவில்லை. தாமிரபரணிப் பாலத்தின் ஒரு கண்ணே 18 மீட்டர். இங்கே தண்ணீருக்கு வழிவிடுவது பெரிய பிரச்சினை இல்லை, உயரம்தான் பிரச்சினை. உயரத்தில் வளைவு கட்ட வேண்டும் என்றால் முதலில் மரத்தில் அரைவட்டச் சாரம் கட்டி நிறுத்தி, அதன் மேல் ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை இரண்டு பக்கமிருந்தும் அடுக்கிக்கொண்டே வந்து, உச்சிக்கல்லை நடுவில் இறக்க வேண்டும். அதுவரை மொத்தக் கனமும் மரச்சாரத்தின் மேல்தான். கண் பெரிதாக ஆக சாரமும் பெரிதாகும், மலைச்சரிவில் அதை நிறுத்துவதே ஒரு தனி வேலையாகிவிடும். சின்னக் கண் என்றால் சின்னச் சாரம். எல்லாக் கண்ணும் ஒரே அளவு என்றால் ஒரு கண் முடிந்ததும் அதே சாரத்தைக் கழற்றி அடுத்ததற்கு நகர்த்தலாம், ஒரே அச்சில் கல் செதுக்கிக் குவிக்கலாம். செலவும் குறையும், கண்ணுக்கும் அழகு.

இணையத்தில் இந்தப் பாலத்துக்கு “13 தூண்” என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். 13 கண் என்றால் நடுவில் 12 தூண்தான் வரும். இரண்டு முனையிலும் கரையோடு சேர்ந்த தாங்குசுவர்கள். இந்தத் தாங்குசுவரைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வளைவு கீழ்நோக்கி மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் உந்தும். நடுவில் உள்ள தூணுக்கு இடது கண்ணும் வலது கண்ணும் எதிரெதிராக உந்துவதால் அது சரியாகிவிடும். தேரோட்டக் கூட்டத்தில் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி. யாரும் விழமாட்டார்கள், ஆனால் ஓரத்தில் நிற்கிறவர் சுவரில் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சுவர்தான் முனையில் உள்ள தாங்குசுவர். இதனால் ஒரு தொல்லையும் உண்டு. நடுவில் ஒரு கண்ணை மட்டும் இடித்துவிட்டுப் புதிதாக மாற்றலாம் என்று யாரும் கைவைக்க முடியாது. ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்துத் தூண் சாயும். இந்த வகைப் பாலத்தை வைத்தால் முழுசாக வைக்க வேண்டும், எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும்.

இறக்கத்தில் ரயில் பிரேக் போடும்போது தண்டவாளத்தோடு பாலமும் முன்னால் தள்ளப்படும். ஏறும்போது எஞ்சின் தண்டவாளத்தைப் பின்னால் உதைக்கும். மலைப்பாதைப் பாலத்துக்கு இது தினசரி அடி. நெருக்கமாக நிற்கும் 12 தூணும் இரண்டு முனைகளும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

சுண்ணாம்பில் வெல்லம், கடுக்காய் எல்லாம் சேர்த்துக் குழைத்ததால்தான் பாலம் நிற்கிறது என்று ஊரில் சொல்வார்கள். அப்படிக் குழைக்கும் வழக்கம் நம் பக்கத்துக் கட்டடங்களில் இருந்தது உண்மை. ஆனால் வளைவின் பலம் பசையில் இல்லை. கல்லும் கல்லும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் வரை அது நிற்கும். கலவையின் வேலை, செதுக்கலில் உள்ள மேடுபள்ளத்தை நிரப்பி அழுத்தம் சீராகப் பரவ விடுவது. நல்ல கருங்கல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேல் தாங்கும். இந்த மாதிரி வளைவில் உண்மையில் விழும் அழுத்தம் 10, 20 கிலோ அளவில்தான் இருக்கும். கல் நசுங்கிப் பாலம் விழுவது என்பது நடக்கவே நடக்காத காரியம்.

கூடுதல் பாரம்: ஒரு கணக்கு

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். மீட்டர் பாதையில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின் 72 டன், 6 அச்சு. ஒரு அச்சுக்கு 12 டன். அகலப்பாதையில் ஓடுகிற 6 அச்சு எஞ்சின் 120 டன்னைத் தாண்டும். அச்சுக்கு 20 டன் சொச்சம். அதாவது அச்சுப் பாரம் 70 சதவீதம் கூடிவிட்டது. இதை மட்டும் பார்க்கிறவர் பாலத்தை இடிக்கத்தான் சொல்வார்.

ஆனால் அதே பாரத்தை எஞ்சின் நீளத்தில் பரப்பிப் பாருங்கள். பழைய எஞ்சின் ஏறக்குறைய 16 மீட்டர் நீளம், மீட்டருக்கு நாலரை டன். புது எஞ்சின் 20 மீட்டர் சொச்சம், மீட்டருக்கு 6 டன். கூடியது ஒன்றரை டன். அப்புறம் பாலத்தின் சொந்தக் கனம். அகலம் 5 மீட்டர் என்றும், வளைவு, அதன் மேல் நிரப்பிய கல்மண், சல்லி எல்லாம் சேர்த்து சராசரி தடிமன் 2 மீட்டர் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தூணைக் கணக்கில் சேர்க்காமலேயே மீட்டருக்கு 24 டன் வருகிறது. ஆக மீட்டர் பாதை ரயில் மேலே நின்றபோது மொத்தம் இருபத்தெட்டரை டன், அகலப்பாதை ரயில் நிற்கும்போது 30 டன். கூடியது 5 சதவீதம்.

இரும்பு உத்தரப் பாலமாக இருந்தால் இந்தக் கணக்கு வராது. அதன் சொந்தக் கனம் குறைவு, ரயில்தான் பெரிய பாரம். ரயில் பெருத்தால் உத்தரத்தை மாற்றியே ஆக வேண்டும். கல் வளைவு தன் கனத்தாலேயே ரயிலை ஒரு பொருட்டாக நினைக்காமல் நிற்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வளைவுக்கு ஆபத்தான இடம் உச்சி என்று பலர் நினைப்பார்கள். உச்சியில் பாரம் விழுந்தால் இரண்டு பக்கமும் சமமாக இறங்கிவிடும். கண்ணின் கால்வாசித் தூரத்தில், ஒரு பக்கமாகக் கனமான அச்சு நிற்கும் நேரம்தான் சிக்கல். அந்தப் பக்கம் அமுங்கி எதிர்ப்பக்கம் மேலே எழப் பார்க்கும். அதை எழவிடாமல் பிடிப்பது மேலே நிரப்பிய கல்மண்ணின் கனம்தான். சல்லியும் நிரப்பும் ஆழமாக இருந்தால் அச்சின் பாரமும் பரவித்தான் வளைவுக்குப் போய்ச்சேரும். வெளியே இருந்து பார்க்கிறவருக்குத் தெரியாத, யாரும் படமெடுக்காத அந்த நிரப்புதான் பாதி வேலையைச் செய்கிறது.

2010 முதல் 2018 வரை

விருதுநகரில் இருந்து தென்காசி, செங்கோட்டை வரை அகலப்பாதை 2004-இல் வந்துவிட்டது. கொல்லம்–புனலூர் 2010-இல் மாறியது. திருநெல்வேலி–தென்காசி 2012-இல். நடுவில் மலை மட்டும் மிச்சம், 1904-இல் நடந்த அதே வரிசை. 2010 செப்டம்பரில் செங்கோட்டை–புனலூர் மீட்டர் பாதை ரயிலை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு தென்காசியில் இருந்து கொல்லம் போக வேண்டியவர்கள் பஸ்ஸை நம்பி இருந்த வருஷங்கள் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. பாதை முழுவதும் மறுபடி திறந்தது 2018-இல். ஏழரை வருஷத்துக்கு மேல்.

உண்மையில் குகைகள்தான் அகலப்பாதைக்குப் பெரிய தலைவலி. பெரிய குகை முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அகலப்பாதைப் பெட்டி மூன்றேகால் மீட்டர் அகலம். மீட்டர் பாதைப் பெட்டிக்கு அளவெடுத்துக் குடைந்த குகைக்குள் அது நுழையாது. பாறையைச் செதுக்கிப் பெரிதாக்கியே தீர வேண்டும். பாலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பெட்டி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு போனால் இடிக்க அங்கே எதுவும் கிடையாது.

பழைய கல் வளைவைப் பலப்படுத்த ரயில்வேக்காரர்கள் பொதுவாகக் கையாளும் வழிகள் சில உண்டு. கல் இடுக்குகளில் அழுத்தத்தோடு சிமென்ட் பாலைச் செலுத்துவது ஒன்று. தூணைச் சுற்றிக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடுவது, வளைவின் உள்முகத்தில் கான்கிரீட் வளையம் கட்டுவது, மேலே தளம் போட்டுப் பாரத்தைப் பரப்புவது என்று மற்றவை. எதைச் செய்தாலும் வளைவை வளைவாகவே வேலை செய்ய விட வேண்டும். அது முக்கியம். இங்கே இடிக்காமல் பலப்படுத்தும் முடிவை எடுத்தவர்களை நான் மெச்சுகிறேன். அழகுக்காக என்று மட்டும் சொல்ல மாட்டேன். 102 மீட்டருக்குப் புதுத் தூண்களை இந்தச் சரிவில் நிறுத்த, ஆற்றையும் ரோட்டையும் வைத்துக்கொண்டு அடித்தளம் தோண்ட வேண்டும். 100 வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து அமுங்கி முடித்த பழைய அடித்தளம், நேற்றுத் தோண்டியதைவிட நம்பகமானது. மண்ணில் உட்காரும் எதுவும் முதல் சில வருஷங்களில்தான் அசையும்.

திறந்த அதே 2018 ஆகஸ்ட்டில் கேரளத்தையே புரட்டிப்போட்ட பெருமழை வந்தது. இந்த மலைப்பாதையிலும் மண் சரிந்து ரயில்களை நிறுத்த வேண்டியதாயிற்று. சரிந்தது மலை வெட்டிய இடங்களும் மண் கரைகளும். கல் கண்கள் நின்றன. பள்ளத்தில் மண்மேடு போடாமல் பாலம் கட்டியவர்களின் கணக்கு சரிதான் என்பதற்கு அந்த மாதத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

தண்ணீர்

ரயில் இந்தப் பாலத்தைக் கொல்லாது என்றால், எது கொல்லும்? தண்ணீர்தான். ஆற்றுத் தண்ணீர் அல்ல, மேலே சல்லிக்குள் விழுந்து உள்ளே இறங்குகிற மழைத் தண்ணீர்.

இதைப் பார்க்க கழுதுருட்டி வரை போக வேண்டியதில்லை. செங்கோட்டைப் பக்கம் பழைய ஒற்றைக் கண் பாலம் ஒன்றில், எங்கள் வேலைக்கு வருகிற பெரிய கொத்தனார் ஒருவர் எனக்குக் காட்டினார். வளைவின் உள்முகத்தில், கல் இணைப்பை ஒட்டி வெள்ளையாகத் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. சில இடத்தில் சின்ன விரல் நீளத்துக்குத் தொங்கியது. நான் உப்புப் பூத்திருக்கிறது என்று நினைத்துக் கேட்டேன்.

“உப்பு இல்ல தம்பி, உள்ள இருக்க சுண்ணாம்பு கரைஞ்சு வருது பாத்துக்கிடுங்க” என்று நகத்தால் சுரண்டிக் காட்டினார். “தண்ணி உள்ள நின்னாத்தான் இப்படி வரும். போறதுக்கு ஓட்டை வச்சிருப்பான், அது அடைச்சிருக்கும்.”

“அப்போ மேலே சிமென்ட் போட்டுப் பூசிட்டா நின்னுருமா அண்ணாச்சி?”

“வெளிய வரது நின்னுரும். உள்ள நிக்கது நிக்காதுல்லா.”

அவர் அளவுகோலால் சுவரில் துழாவி, மண்ணும் வேரும் அடைத்துக் கிடந்த ஒரு துளையைக் கண்டுபிடித்தார். கம்பியை விட்டுக் குத்தியதும் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. மழை நின்று நாலைந்து நாள் ஆகியிருந்தது.

இதே விஷயம் பெரிய பாலத்தில் நடந்தால் விளைவும் பெரிது. தண்ணீர் வெளியேறாவிட்டால் வளைவின் மேலே உள்ள நிரப்பு ஊறும். ஊறிய நிரப்பு பக்கச் சுவரை வெளியே தள்ளும். சுவர் வயிறு தள்ளி நிற்கும், பிறகு வளைவின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே நீளவாக்கில் விரிசல் விழும். இன்னொரு பக்கம் சுண்ணாம்பு கரைந்து போன இணைப்பில் கல் தளர்ந்து, ஒன்றிரண்டு கழன்று விழும். முன்னே சொன்ன அழுத்தக் கணக்கெல்லாம் கற்கள் தம் இடத்தில் இருக்கும் வரைதான். ரயில் பாரத்துக்குப் பயந்து கான்கிரீட்டைக் கூட்டிக்கொண்டே போய், தண்ணீர் போகிற துளையை மறந்துவிட்டால் பாலத்துக்குச் செய்தது கெடுதல்தான். பலப்படுத்திய பழைய கட்டுமானங்கள் பலவற்றில் நான் கண்ட குறை இது. வெளியே பளிச்சென்று சிமென்ட் பூச்சு, உள்ளே தண்ணீர். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய கல் சுவரின் இணைப்புக்கு சுண்ணாம்புக் கலவையே பொருத்தம். சிமென்ட் இறுகி, வழியை அடைத்து, ஈரத்தைக் கல்லுக்குள் தள்ளிவிடும்.

அடுத்தது செடி. பறவை போட்ட எச்சத்தில் இருந்து ஆல், அரசு முளைத்தால் சிலருக்கு அதன் மேல் கை வைக்க மனசு வராது. கோயில் கோபுரத்திலேயே விட்டுவைத்துப் பிளந்த ஊர்கள் நம்மிடம் உண்டு. விரல் தடிமனில் வேரோடு பிடுங்கினால் முடிந்தது. கை தடிமன் ஆன பிறகு வெட்டினால் மேலே உள்ளது மட்டும் போகும், வேர் கல்லுக்குள் இருந்து மறுபடி தளிர்க்கும். மலைக்காட்டுக்கு நடுவில் நிற்கிற கல் பாலத்துக்கு இது வருஷத்துக்கு ஒரு தரமாவது பார்க்க வேண்டிய வேலை, மழைக்காலம் தொடங்கும் முன்பு. இந்தப் பாதையில் மழை இரண்டு தரம் வருவதால் அக்டோபருக்கு முன்பு இன்னொரு தரம் பார்த்தால் நல்லது.

பாலத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலருவியின் பெயரை வைத்துக்கொண்டு ஓடுகிற பாலருவி எக்ஸ்பிரஸ் இந்த மலையை இருட்டில் கடந்துவிடுகிறது. அந்தப் பெயரை வைத்தவர்கள் நேரத்தையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். பகலில் மலை இறங்குகிற ரயில் எது என்று நேர அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் செங்கோட்டையில் ஏறினால் வெளிச்சத்தில் போகலாம். ஆனால் சொன்னேனே, ரயிலில் இருந்து பார்த்தால் பாலம் தெரியாது. ஒரு வழி ரயிலும் ஒரு வழி பஸ்ஸுமாக வைத்துக்கொள்வது உத்தமம். மீட்டர் பாதை நின்று தண்டவாளம் சும்மா கிடந்த வருஷங்களில் மேலே ஏறி நடந்து பழகியவர்கள் இன்னும் அதே நினைப்பில் இருக்கிறார்கள். இப்போது அங்கே ரயில் ஓடுகிறது, மேலே மின்கம்பியும் போகிறது, எதிரே ரயில் வந்தால் ஒதுங்க இடமும் கிடையாது. கீழே ரோட்டோரத்தில் நின்று பார்த்தாலே 13 கண்ணும் தெரியும்.